கஜா கொண்டுவந்து விட்ட கோழி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணி வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் வெட்டவெளி ஆயின. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி இது. தண்ணீரை நம்ப முடியாமல் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரங்களை எண்ணியவர்கள், மாடுகளை எண்ணியவர்கள், ஆடுகளை எண்ணியவர்கள் உண்டு. கோழிகளை எண்ண யாருக்கும் மனம் இருக்கவில்லை.

அப்படி எண்ணிக்கையில் வராத ஒரு கோழிதான், புயல் அடித்த நான்காம் நாள், ஓடு பறந்துபோன ஒரு வீட்டின் கொல்லைப்புறம் வந்து நின்றது. கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழி. வால் இறகு பாதி பிய்ந்திருந்தது. மார்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

அந்த வீட்டு அப்பாயிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவரிடம் ஏற்கெனவே ஆறு கோழிகள் இருந்தன. புயலில் தப்பியது மூன்று. பள்ளிக்கூடம் திறக்காததால் வீட்டிலிருந்த பேரன் புதுக்கோழியைப் பிடிக்க ஓடினான்.

"வெரட்டாத தம்பி. இன்னைக்கு ஒருதடவை வெரட்டுனா, பத்து நாளைக்கு நம்ம பக்கம் திரும்பாது" என்றார் அப்பாயி.

யார் வீட்டுக் கோழி என்பதுதான் முதல் கேள்வி. வலதுகாலில் ஒரு விரலின் நகம் வெட்டப்பட்டிருந்தது. அடையாளத்துக்காக இப்படி நகத்தை வெட்டிவிடுவது கிராமத்தில் பழைய வழக்கம். ஆகவே, இதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அப்பாயி மூன்று தெருவில் விசாரித்தார். யாரும் உரிமை கோரவில்லை. "வந்ததை அறுத்துக் குழம்பு வைங்கக்கா, காய்கறிகூடக் கிடைக்கல" என்று சிலர் சொன்னார்கள். அந்த நாட்களில் அது தப்பான யோசனையும் இல்லை. ஆனால், சொந்தக்காரர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அப்பாயி யோசித்தார்.

அன்று இருட்டியதும் கோழியைப் பிடித்தார்கள். கோழிக்கு இரவில் பார்வை மங்கல். அடைந்த இடத்தைவிட்டு அசையாது. பகலில் நான்கு பேர் துரத்தினாலும் சிக்காத கோழியை இரவில் ஒருவர் சத்தமில்லாமல் இரண்டு கையாலும் எடுத்துவிடலாம்.

பிடித்த கோழியை மற்றக் கோழிகளோடு விடவில்லை. வீட்டின் மறுபக்கத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, தனியாக அடைத்தார். இதில் பாசத்தைவிடப் பயம்தான் அதிகம். வெளியிலிருந்து வரும் கோழி, வெள்ளைக் கழிச்சலைக் கொண்டுவந்துவிடலாம். ராணிக்கெட் நோய் என்பது இதுதான். 1920-களின் பிற்பகுதியில், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்திலுள்ள ராணிக்கெட் என்ற மலையூரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, ஓரிரு நாளில் கூண்டே காலியாகிவிடும். மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பூசி போடுவது மட்டுமே வழி. மிச்சமிருந்த மூன்று கோழிகளையும் பணயம் வைக்க அப்பாயி தயாராக இல்லை. இரண்டு வாரம் தனிச் சிறை, தனித் தண்ணீர்ச் சட்டி. அந்தப் பக்கம் போய்வந்தால் கை கால் கழுவ வேண்டும் என்று பேரனுக்குக் கட்டளை.

அந்த இரண்டு வாரம்தான் கோழியைப் பழக்கவும் உதவியது.

காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்துக்கு, ஒரே கிண்ணத்தில் குருணை. போடும்போது "பா... பா... பா..." என்று ஒரே குரல். குருணையைப் போட்டுவிட்டு அப்பாயி அங்கேயே, கோழிக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், கீரை ஆய்வார். கோழியை நேருக்கு நேர் பார்க்க மாட்டார். கோழியின் எதிரிகள் பெரும்பாலும் மேலிருந்து வருபவை. நின்றபடி குனிந்து கையை நீட்டினால், அதற்குப் பருந்து இறங்குவது போலத்தான் இருக்கும். உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டு அவ்வளவு பயம் வராது.

முதல் மூன்று நாள், ஆள் இருக்கும்வரை கோழி குருணையைத் தொடவில்லை. நான்காம் நாள் ஒரு கண்ணால் அப்பாயியைப் பார்த்துக்கொண்டே கொத்தியது. எட்டாம் நாள், பேரன் கறையானோடு வந்தான். உடைந்த பானையில் சாணியும் ஈரச் சாக்குத் துண்டும் வைத்து, மண்ணில் கவிழ்த்துவிட்டால் மறுநாள் கறையான் மொய்த்திருக்கும். அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கோழி கழுத்தை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. கடைசியில் கொத்திவிட்டது.

"கையைக் கொத்திடுச்சு அப்பாயி!" என்று வலியைக்கூட மறந்து கத்தினான்.

இரண்டு வாரத்தில் எச்சம் கெட்டியாகி, கொண்டையில் சிவப்பு ஏறியது. ஆனால், திறந்துவிட்ட அன்றே மற்ற மூன்றும் சேர்ந்து அதைக் கொத்தி விரட்டின. கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான ஷெல்டெரப் எபே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921-ல் இதை ஆய்வாக எழுதினார். புதிதாக வந்ததற்கு அந்த வரிசையில் கடைசி இடம்தான். இதில் மனிதர்கள் புகுந்து நியாயம் செய்ய முடியாது. அப்பாயி செய்தது, தீனியை இரண்டு இடத்தில் வைத்தது மட்டும். பத்து நாளில் சண்டை ஓய்ந்தது.

பொங்கல் முடிந்த மறுவாரம், பஞ்சாரத்தின் ஓரத்து வைக்கோலில் முதல் முட்டை கிடந்தது. இரை குறைந்தாலும் பயந்தாலும் கோழி முட்டையை நிறுத்திவிடும். மறுபடி இடுகிறது என்றால், இனி இங்கே பயமில்லை என்று அது நினைத்துவிட்டதாக அப்பாயி எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் கால்நடைத் துறையின் தடுப்பூசி முகாமுக்கு நான்கு கோழிகளையும் கூடையில் தூக்கிக்கொண்டு போனார்.

மாசிக் கடைசியில் கோழி அடைக்குப் படுத்தது. பதினோரு முட்டைகள் வைத்தார்கள். இடி இடித்தாலும் முட்டை கெடாதிருக்க, வழக்கப்படி ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும். 21-ம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. தென்னை நிழல் இல்லாத கொல்லையில் பருந்துக்கு எல்லாமே தெரியும். ஒரு குஞ்சு போன பிறகு, மல்லிப்பட்டினத்திலிருந்து பழைய மீன்வலை ஒன்றை வாங்கிவந்து மேலே கட்டினார்கள்.

பங்குனியில்தான் அந்தப் பெண் வந்தார். புயலில் குடிசை விழுந்து, அறந்தாங்கியில் மகள் வீட்டோடு இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். கோழியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அப்பாயி எதுவும் கேட்காமல் கோழியைத் தூக்கி, வலதுகால் விரலைக் காட்டினார்.

"ஒங்களுதா பாருங்க."

"எங்களுதுதாக்கா."

பேரன் முகம் சுருங்கிப்போனது. அப்பாயி, குஞ்சுகளோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்தப் பெண் சிறிது நேரம் பேசவில்லை. குடிசை இன்னும் எழும்பவில்லை. கோழி அடைக்க ஓர் இடம் இல்லை.

"செத்துப்போச்சுன்னு விட்டதுக்கா. நீங்கதான காப்பாத்தி வச்சிருக்கீங்க. வாரத்துக்கு வளத்ததா நெனச்சுக்கங்க" என்றார்.

வாரத்துக்கு வளர்ப்பது என்றால் குஞ்சுகளில் சரிபாதி. அதன்படி எட்டில் நான்கு அவருக்கு. குஞ்சுகள் தாயைப் பிரியும் வயதானதும், வைகாசியில், பேரனே கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். கூடவே, கறையான் பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிட்டு வந்தான்.

கிராப்புக் கோழி அப்பாயி வீட்டிலேயே இருந்தது. குரல் கேட்டால் ஓடிவரும், கையிலிருந்து தின்னும். ஆனால், மடியில் தூக்கி வைத்துக்கொள்ள மட்டும் கடைசிவரை யாரையும் அது விடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.