ஏழ்மையை நிரூபிக்கும் விண்ணப்பங்கள்

ஆங்கிலம் எழுதத் தெரிந்த பத்திரிகைக்காரன் என்ற பெயர் ஒருவனுக்கு ஒருமுறை வந்துவிட்டால், அவன் ஓய்வுபெற்ற பின்பும் அது அவனை விட்டு நீங்குவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் வீட்டுக்கு மக்கள் படிவங்களோடு வந்து போகிறார்கள். கைதானவர்களுக்கான மனுக்கள், காணாமற் போனவர்களைத் தேடிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள், இழப்பீட்டு விண்ணப்பங்கள், அகதி அந்தஸ்துக் கோரிக்கைகள் என்று காலத்துக்குக் காலம் அவை மாறி வந்தன. அண்மைய சில ஆண்டுகளாக வருபவை வேறு வகையானவை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முழு நிதியுதவியோடு படிக்க விரும்பும் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் அவை.

இந்த மாற்றத்தைக் கண்டு மகிழாதிருக்க முடியாது. ஆயினும், அந்தப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசும்போது, இந்த ஆட்டத்தின் விதிகளை அறியாமலே பலர் களத்தில் இறங்கியிருப்பதை உணர்கிறேன். அறியாமைக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து இதனை வாசிக்கும் அன்பர்களும் தத்தம் உறவுப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடும் என்பதால், நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். 'ஸ்கொலர்ஷிப்' என்று நம்மவர் சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது நமது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. கூடிய புள்ளி எடுத்த பிள்ளைக்குப் பரிசு. ஆனால் ஹார்வாட், யேல், பிரின்ஸ்டன் முதலான ஐவி லீக் பல்கலைக்கழகங்களோ எம்.ஐ.ரி.யோ இளமாணி மாணவர்களுக்குப் புள்ளிக்காகப் பணம் கொடுப்பதில்லை. அங்கே கொடுக்கப்படுவது தேவைக்கான உதவி. கற்கைக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டொன்றுக்கு 85,000 டொலரைத் தாண்டிவிட்டன. இலங்கைக் காசில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஒரு குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, மிகுதியைப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்கிறது. ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் டொலருக்கு உட்பட்ட, வழமையான சொத்துகளையே கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் எதுவுமே கட்ட வேண்டியதில்லை என்று 2025 மார்ச்சில் ஹார்வாட் அறிவித்தது. நமது ஊர்களில் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதைக் கேட்டவுடன் நம் பெற்றோர் கண்களில் ஒளி தோன்றுகிறது. "அப்ப நாங்கள் ஏழையள்தானே, எங்களுக்கு முழுக்கத் தருவினம்" என்கிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரைத் தெரிவு செய்யும் முறைகள் இரண்டு. ஒன்று, விண்ணப்பதாரரின் பணத்தேவையைப் பார்க்காமலே தெரிவு செய்வது. 'நீட் பிளைன்ட்' என்பார்கள். மற்றது, அவருக்கு எவ்வளவு பணம் தேவை என்பதையும் கணக்கில் எடுத்துத் தெரிவு செய்வது. 'நீட் அவெயர்' என்பது அதற்குப் பெயர். முதல் வகையில் வெளிநாட்டவரை நடத்தி, அவர்களின் தேவை முழுவதையும் நிறைவு செய்யும் நிறுவனங்கள் அந்தப் பெரிய தேசத்தில் பத்தளவில்தான் உள்ளன. ஹார்வாட், யேல், எம்.ஐ.ரி., அம்ஹர்ஸ்ற் ஆகியன இந்த வரிசையில் உள்ளவை. பிரின்ஸ்டன் 2001இல் இதில் சேர்ந்தது. 2022இல் டார்ட்மத், போடொயின் ஆகியனவும், 2024இல் செய்த அறிவிப்புகளின்படி பிரவுண், நொட்ரடேம், வொஷிங்ரன் அன்ட் லீ ஆகியனவும் சேர்ந்துகொண்டன. ஸ்டான்போர்ட், கொலம்பியா, கோர்னெல் போன்ற புகழ்பெற்ற இடங்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. தெரிவு செய்யப்பட்டால் முழு உதவியும் தருவார்கள். ஆனால் உதவி கேட்பதே தெரிவுக்குத் தடையாகவும் அமையலாம்.

காரணம் எளிது. அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவிகள் அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை, அகதி அந்தஸ்துப் போன்றவற்றைப் பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியவை. வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கான ஒவ்வொரு டொலரும் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பெட்டியிலிருந்து வரவேண்டும். அந்தப் பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு. திறமையில் சமமான இருவரில் ஒருவர் முழுச் செலவையும் கட்டக்கூடியவர், மற்றவர் ஒரு சதமும் கட்ட முடியாதவர் எனில், இறுதிப் பட்டியலில் வெட்டுப்படும் பெயர் எதுவாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பேராசிரியர் தேவையில்லை. டார்ட்மத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2008இல் வெளிநாட்டவருக்குத் தேவை பாராத அனுமதியை அறிவித்த அக்கல்லூரி, 2015இல் அதனைக் கைவிட்டது. பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் நான்கு கோடி டொலர் நன்கொடை அளித்த பின்னரே, 2022இல் மீண்டும் அதனைத் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் விண்ணப்பித்த ஏழைப் பிள்ளைகளுக்குத் திறமை குறைந்திருக்கவில்லை. பெட்டியில் காசு குறைந்திருந்தது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கிளிநொச்சியில் இருக்கிறது. தகப்பன் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். மகன் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தான். 2025 மார்ச் மாத இறுதிக்குள் ஒன்பதிலிருந்தும் மறுப்பு வந்துவிட்டது. ஏப்ரலில் உயர்தரப் பரீட்சை முடிவு வந்தபோது மூன்று பாடங்களிலும் ஏ. தகப்பனுக்கு எதுவும் விளங்கவில்லை. 1970களின் தரப்படுத்தலால் தமது தமையனின் மருத்துவக் கனவு கலைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தொலைபேசியில் என்னிடம் கேட்டார்:

"அண்ணை, இதுவும் தரப்படுத்தல் தானோ?"

இல்லை என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. இனத்தையோ மொழியையோ மாவட்டத்தையோ அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒன்பதில் ஆறு இடங்கள் தகப்பனின் சட்டைப்பையைப் பார்த்தன. மற்ற மூன்றும் பார்க்கவில்லை. அங்கே வேறு சிக்கல், எம்.ஐ.ரி.யை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டு விண்ணப்பதாரர் நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கே இடம் கிடைக்கிறது. இதனை அவருக்கு விளக்கினேன். நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப பெடியனில பிழையில்லை" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகவே இக்கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது.

விண்ணப்பத்தின் பணப்பகுதி பற்றியும் சொல்ல வேண்டும். சி.எஸ்.எஸ். புரொபைல் என்ற நீண்ட படிவம் ஒன்று உண்டு. மாதச் சம்பளமும் வருமான வரிக் கோப்பும் உள்ள குடும்பத்தை மனதிற் கொண்டு தயாரிக்கப்பட்டது அது. சைக்கிள் கடைக்காரருக்குச் சம்பளச் சீட்டு ஏது? கிராம உத்தியோகத்தரின் கடிதம், வங்கிப் புத்தகத்தின் பிரதி, கையால் எழுதிய ஒரு வரவு செலவுக் கணக்கு, அவற்றின் மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். உறவினர் அனுப்பும் பணத்தையும் படிவம் கேட்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மாமன் வருடத்தில் இருமுறை அனுப்புவதை எழுதத்தான் வேண்டுமா என்று தாயார் தயங்கினார். எழுதச் சொன்னேன். பொய் பின்னர் வெளிப்பட்டால் கிடைத்த அனுமதியும் பறிபோகும். ஏழ்மையை நிரூபிக்க நம்மவர்க்குப் பொய் தேவைப்படுவதுமில்லை.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது அந்தக் கணக்கு அல்ல. கட்டுரை.

தன்னைப் பற்றி 650 சொற்களுக்கு மேற்படாத கட்டுரை ஒன்றை மாணவன் எழுத வேண்டும். கொழும்பிலுள்ள முகவர் நிலையம் ஒன்று, நான்கு இலட்சம் ரூபாய்க்கு 'முழுப் புலமைப்பரிசில் உத்தரவாதம்' என்று சொல்லி, அதில் பாதியை இந்தக் குடும்பத்திடம் முன்பணமாக வாங்கியிருந்தது. தாயின் காப்பை அடைவு வைத்துக் கொடுத்த காசு அது. அவர்கள் பையனுக்குச் சொன்ன ஆலோசனை: "போரை எழுதுங்கள். அவர்கள் அழ வேண்டும்." பையன் எழுதிக்கொண்டு வந்த முதற் பிரதியில் பதுங்குகுழி இருந்தது, ஷெல் சத்தம் இருந்தது, கடற்கரை மணலில் கிடந்த உடல்கள் இருந்தன. 2009 மே மாதத்தில் அவனுக்கு இரண்டரை வயது.

"இது உனக்கு ஞாபகம் இருக்கா, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. அம்மா சொன்னது."

அம்மா சொன்னதும் முழுவதுமாக இல்லை. அந்த நாட்களைப் பற்றி அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. முகவர் கேட்டதற்காக, மகனின் எதிர்காலத்துக்காக, ஓர் இரவு அமர்ந்து சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பையன் சொன்னான். துயரத்தைச் செய்தியாக்கும் தொழிலில் வாழ்ந்தவன் நான். அதற்கு உலகில் ஒரு சந்தை இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் செய்தியிலே பேசுபவரின் பெயர் அவருடையதாக இருக்கும். இங்கே தாயின் துயரம் மகனின் பெயரில் விலை பேசப்பட்டது. அந்தப் பல்கலைக்கழகங்கள் எதுவும் இதனைக் கேட்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'நீ யார்' என்றுதான் அவை கேட்டன. 'உன் காயத்தைக் காட்டு' என்று மொழிபெயர்த்தது முகவர்.

அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டு அவன் வேறொன்று எழுதினான். தகப்பனின் கடையில் கடன் கொப்பி எழுதுபவன் அவன். யார் யார் கடனைத் தகப்பன் வேண்டுமென்றே மறந்துபோகிறார் என்பதை அந்தக் கொப்பியிலிருந்து தான் கண்டுபிடித்த விதத்தை எழுதினான். நான் வாசித்த நல்ல கட்டுரைகளில் அது ஒன்று. இடம் கிடைக்கவில்லை என்பதால் அதன் தரம் குறைந்துவிடாது.

அமெரிக்கர் தந்த காசில் நம் பிள்ளைகள் படிப்பது புதிய விடயமல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியில் மாணவர்கள் அமெரிக்க நன்கொடையாளரின் பணத்தில் தங்கிப் படித்தார்கள். ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்ற நன்கொடையாளரின் பெயர் அந்தப் பிள்ளைக்குச் சூட்டப்படும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று நம் வரலாற்றில் காணும் பெயர்கள் அவ்வழக்கத்தை நினைவூட்டுபவை. அங்கே படித்த விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். அந்தக் கல்வி இல்லாதிருந்தால், பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளை நமக்குக் கிடைத்திருப்பாரா என்பது ஐயமே. ஆகவே உதவி பெறுவதில் இழிவு ஏதுமில்லை. அதற்கு ஈடாக எதனைக் கொடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். அன்று பெயரில் ஒரு பாதியைக் கொடுத்தார்கள். இன்று வீட்டின் நினைவுகளைக் கொடுக்கும்படி இடையில் நிற்பவர்கள் தூண்டுகிறார்கள்.

அனுமதி கிடைத்தவர்களுக்கும் பாதை முடிந்துவிடுவதில்லை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, விசா கேட்டு வரும் ஒவ்வொருவரும் அங்கே நிரந்தரமாகத் தங்க எண்ணுபவர் என்றே கருதப்படுவர். இல்லை என்று நிரூபிப்பது மாணவனின் பொறுப்பு. ஊரில் ஒன்றுமில்லை என்று பல்கலைக்கழகத்துக்குக் காட்டியவன், ஊருக்குத் திரும்பி வரக் காரணம் உண்டு என்று தூதரகத்துக்குக் காட்ட வேண்டும். 2025 மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்முகங்களை வழங்குவது சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஹார்வாட்டின் உரிமையை அமெரிக்க அரசு இரத்துச் செய்ய, நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பெரும் பல்கலைக்கழகங்களின் நிதியங்களின் வருமானத்துக்கு 1.4 வீதமாக இருந்த வரி, 2025 யூலையில் நிறைவேறிய சட்டத்தால் மிகச் செல்வம் படைத்தவற்றுக்கு 8 வீதம் வரை உயர்த்தப்பட்டது. நான் மேலே சொன்ன பெட்டி அந்த நிதியத்திலிருந்துதான் நிரம்புகிறது.

இவ்வளவையும் சொல்வது யாரையும் தடுப்பதற்காக அல்ல. விண்ணப்பியுங்கள். கொழும்பிலுள்ள அமெரிக்க இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் இதற்கான ஆலோசனை நிலையம் உண்டு. முகவரைத் தேடுமுன் அங்கே போங்கள். உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஹார்வாட்டின் அதிபர்கூட அப்படியொரு உத்தரவாதத்தை விற்க முடியாது. எந்த இடம் தேவையைப் பார்க்கிறது, எது பார்ப்பதில்லை என்று பிரித்துப் பட்டியல் தயாரியுங்கள். உதவி கேட்டால் இடம் போய்விடும் என்று பயந்து, சேர்ந்த பின் கேட்கலாம் என்று நினையாதீர்கள். ஸ்டான்போர்ட் போன்ற இடங்களில், விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் இளமாணிப் படிப்பு முடியும்வரை அதனைக் கேட்க முடியாது. பல கல்லூரிகள் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தை விலக்கித் தருகின்றன. கனடாவில் வாழும் நம்மவர் கவனிக்க: பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் கனடியப் பிரசைகளை அமெரிக்கரைப் போலவே, தேவை பாராமல் தெரிவு செய்கிறது.

உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கைவிடாதீர்கள். நமது நாட்டில் தகுதி பெறும் மாணவரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அந்த இடமும் இலவசம். அதுவும் ஒரு முழு நிதியுதவியே. மேலே சொன்ன பையன் இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். அந்தப் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். தகப்பன் திருத்திய சைக்கிளிலேயே போய் வரலாம்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. ஐவி லீக் முடிவுகள் பெரும்பாலும் மார்ச் மாத இறுதியில், அமெரிக்காவில் மாலையானதும் வெளியாகும். நமக்கு அது விடியுமுன் நாலரை மணியளவு. பிள்ளை தனியே விழித்திருப்பான். நீங்களும் எழுந்து ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள். மறுப்பு வந்தால், எங்கே பிழை விட்டாய் என்று கேட்காதீர்கள்.