கைமாற்று

திட்டக்குடி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடம் உயிரியல் நடத்தியவன் நான். எக்ஸ், ஒய் குரோமோசோம் பாடம் வந்தால் என் குரல் தானாக உயரும். "ஆணா பெண்ணா என்பது அப்பன் கொடுக்கும் அணுவில் இருக்கிறது. பெண்டாட்டியைத் திட்டுகிறவனுக்கு இந்தப் பாடத்தில் முட்டை" என்பேன். வகுப்பு சிரிக்கும்.

2009 ஆடியில் தம்பி வந்து பன்னிரண்டாயிரம் கைமாற்றுக் கேட்டான். ஏற்கெனவே இரண்டு பெண்கள். மனைவிக்கு நாலாவது மாதம். எதற்கென்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி காப்பியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "மாமா, நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

"ஆலையில கரும்புப் பணமே இன்னும் போடலையேம்மா. மூணையும் எப்படிக் கரையேத்துவான்?" என்றேன். பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் துணைக்கும் போனேன். ஸ்கேன் எடுக்கும் இடத்தில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். 1994-லேயே வந்துவிட்ட சட்டம். பலகையில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதைக் கவனித்தேன், வாத்தியார் அல்லவா.

2011 கணக்கெடுப்பு வந்தபோது ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்குக் கடலூர் மாவட்டத்தில் 896 பெண். பத்து வருடம் முன்பு 957. தமிழ்நாட்டிலேயே கடைசி நாங்கள்தான். தொட்டில் குழந்தைத் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோது, "வறுமை சார், வேறென்ன" என்று முடித்துவைத்தவனும் நான்தான்.

அந்தச் சமாதானத்தை உடைத்தது என் பாடமேதான். தாயின் உடல் நலிந்தால் இயற்கையில் குறையக்கூடியது ஆண் பிறப்பு என்று 1973-ல் டிரிவர்ஸ், வில்லார்ட் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பஞ்சமும் நெருக்கடியும் அப்படித்தான் நலியவைக்கும். வயிற்றில் ஆண் கருதான் நோஞ்சான். கிழக்கு ஜெர்மனியில் பொருளாதாரம் சரிந்த 1991-இல் ஆண் பிறப்பின் பங்கு இறங்கியது. சீனாவில் 1959–61 பஞ்சத்தை ஒட்டியும் அப்படியே. எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் கஷ்டம் தானாகப் பெண்ணைத் தேடிப்பிடித்துக் கழிக்காது. அதற்கு ஒரு மெஷின் வேண்டும், மெஷினுக்குப் பணம் வேண்டும். எங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போனவர் வீட்டில் மூன்றாவது பெண்ணும் பிறந்து வளர்ந்தது. ஏக்கர் கணக்கில் கரும்பு போட்டவர்களிடம்தான் அந்தப் பணம் இருந்தது. இல்லாதபோது கொடுக்க என்னைப் போல் சம்பளக்காரர்கள் இருந்தோம்.

குடும்பம் சிறியதாக இருக்க வேண்டும் என்று ஊருக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன். சரியான பேச்சுதான். பிள்ளைகளின் எண்ணிக்கை குறையக் குறைய, அதில் ஒன்றாவது பையனாக இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கூடிக்கொண்டே போனதை என் வீட்டிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தையில் ஆலைப் பணம் வந்ததும் தம்பி கடனைத் திருப்பிக் கொண்டுவந்தான். திண்ணையில் உட்கார்ந்து, விரலை எச்சில் தொட்டு எண்ணினேன். சரியாகப் பன்னிரண்டாயிரம் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.