மோட் பைல்களுக்கு எது வீடு?

திண்டுக்கல் - மதுரை சாலையில் காந்திகிராமத்தைத் தாண்டிப் போகும் அரசு பஸ்ஸைச் செல்போனுக்குள் ஓட்டலாம் என்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள். பையன்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்! மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கேம்தான் அதற்கு வழி. அந்த நாட்டிலும் வண்டிகள் இடதுபக்கம்தான் போகும். அதனால் சாலை புதிதாகத் தெரியாது. பஸ்ஸுக்குத் தமிழ்நாட்டு வண்ணமும் ஊர்ப்பலகையும் இருந்தால் போதும். அதையும் விளையாடுபவர்களே செய்துகொள்கிறார்கள்.

இப்படி, கேமைத் தயாரித்தவர் தராத வண்டி, வண்ணம், ஒலி, சாலை போன்றவற்றை மற்றவர்கள் செய்து சேர்ப்பதற்குத்தான் 'மோட்' என்று பெயர்.

சரி, இந்த மோட் பைல்கள் எங்கே இருக்க வேண்டும்? கேமின் போல்டருக்குள்ளா, அல்லது விளையாடுபவரின் சொந்த போல்டரிலா? சின்னக் கேள்வி போலத் தோன்றும். தேர்வு வருகிறது என்று கேமை அழித்துவிட்டு, லீவில் மறுபடி போட்டுப் பார்க்கும் மாணவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். கேம் திரும்ப வந்துவிடும். ஒரு வாரம் உட்கார்ந்து அவன் வரைந்த 'திண்டுக்கல் - மதுரை' பலகை வருமா?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 'ஜிடிஏ வைஸ் சிட்டி' 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. அந்தக் காலத்துப் பையன்களில் அதை அறியாதவர் குறைவு. அதில் புதிய கார் வேண்டுமென்றால், கேமின் போல்டருக்குள் இருக்கும் ஒரு பெரிய பைலைத் திறந்து, உள்ளே இருக்கும் பழைய காரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். முன்பே ஒரு காப்பி எடுத்து வைக்காதவருக்குப் பழைய கார் போனது போனதுதான். ஏதாவது தவறினால் கேமே திறக்காது. மறுபடி இன்ஸ்டால் செய்தால் சேர்த்த கார்கள் எல்லாம் காணாமல் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கேம், விளையாடியவரின் 'சேவ்' பைல்களை மட்டும் 'மை டாக்குமெண்ட்ஸ்' உள்ளே தனி போல்டரில் வைத்தது. கேமை அழித்தாலும் அவை பத்திரமாக இருக்கும். முடித்த மிஷன்கள் அவருடைய சொத்து, பாடுபட்டுச் சேர்த்த கார் மட்டும் கேமின் சொத்து!

2007-ல் விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தபோது இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. 'புரோகிராம் பைல்ஸ்' போல்டரில் அனுமதியில்லாமல் எழுத முடியாது என்று ஆனது. பழைய புரோகிராம்கள் எழுத முயன்றால், விண்டோஸ் அந்தப் பைலைச் சத்தமில்லாமல் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான போல்டருக்குத் திருப்பிவிடும். அது ஒவ்வொரு பயனருக்கும் தனி. அண்ணன் லாகினில் வந்த மோட் தம்பி லாகினில் இருக்காது. இருவருக்கும் காரணம் புரியாது.

இதற்குச் சரியான வழி காட்டியது செக் நாட்டு நிறுவனம் ஒன்று. எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2', டாக்குமெண்ட்ஸில் தனக்கென்று ஒரு போல்டர் வைத்து, அதற்குள் 'மோட்' என்று தனி இடம் ஒதுக்கியது. பைலை அங்கே போட்டுவிட்டு, கேமுக்குள் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும். வேண்டாமென்றால் நீக்கிவிடலாம். அசல் பைல் எதுவும் கெடாது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. கணக்குப்பதிவியலில் ஆரம்பத்திலேயே வருவது வணிகத் தனித்தன்மைக் கருத்து. கடை வேறு, கடைக்காரர் வேறு. அவர் போட்ட பணத்தைக்கூட, கடை அவருக்குத் தர வேண்டிய 'முதல்' என்றுதான் எழுதுவார்கள். மோட் என்பது விளையாடுபவர் போட்ட முதல். கடையை மூடும்போது அதைத் திருப்பித் தர வேண்டாமா?

செல்போனில் கதை வேறு. முன்பு, அனுமதி பெற்ற எந்த ஆப்பும் போனின் பொது இடத்தில் உள்ள எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. அது ஆபத்து என்பதால், 2019-ல் ஆண்ட்ராய்டு 10 தொடங்கி, 2020-ல் ஆண்ட்ராய்டு 11-ல் கட்டுப்பாடு இறுகியது. ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் ஆப்பை அழித்தால் அந்த அறையும் சேர்ந்து அழியும். பூட்டு நல்ல பூட்டுதான், சாவிதான் வீட்டுக்காரரிடம் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் டாக்குமெண்ட்ஸில் கொட்டிவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. இன்றைய விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் போல்டரை ஒன்டிரைவுடன் இணைத்துவிடலாம். அங்கே இலவச இடம் 5 ஜிபிதான். நான்கைந்து பெரிய மோட்களே அதை நிரப்பிவிடும். பிறகு பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு இடமிருக்காது!

ஆகவே கேம் தயாரிப்பவர்கள் செய்ய வேண்டியவை மூன்று. மோட்களைக் கேமின் அசல் பைல்களோடு கலக்காமல் தனியாக வைக்கட்டும். எந்த டிரைவில் என்பதை விளையாடுபவரே தேர்ந்தெடுக்கட்டும். அழிக்கும்போது, "மோட்களையும் அழிக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அதுவரை, தேர்வுக்காக கேமை அழிக்கும் முன் மோட் போல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். பஸ் பத்திரமாக டெப்போவில் நிற்கும். நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.