பொய்த் துடக்கு

2019 மார்ச் 18, திங்கள்

எலும்பு அடர்த்திப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. முப்பத்தேழு வயதில் எனக்கு அறுபதைத் தாண்டிய மனுசியின் எலும்பு. கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு ஏன் முறிந்தது என்று இப்போது விளங்குகிறது. பொடியனைப் போல இருந்த டொக்டர் எழுதிக்கொண்டே, "மாதவிடாய் எப்ப நிண்டது?" என்று கேட்டார். "வந்ததே இல்லை" என்றேன். வெளியாள் ஒருவருக்கு அதைச் சொன்னது இதுதான் முதல் தரம். பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பதறவில்லை, பாவம் பார்க்கவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போனார். அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

பதினேழு வயதில் ஹேர்ணியா ஒப்பரேசன் நடந்தது என்றேன். "ரெண்டு பக்கமுமோ?" ஓம், இரண்டு பக்கமும். "பழைய துண்டு ஏதும் வீட்டில இருந்தா அடுத்தமுறை கொண்டு வாங்கோ."

மார்ச் 27, புதன்

துண்டு இருந்தது. அம்மாவின் அலுமாரியில், காணி உறுதிக்கும் அப்பாவின் மரணச் சான்றிதழுக்கும் கீழே, ஒரு மலிபன் பிஸ்கற் ரின்னுக்குள். 1999இல் பாஸ் எடுத்து, திருகோணமலைக்குக் கப்பலேறி, கொழும்புக்குப் போய் வந்த ஒப்பரேசன் அது. இங்கிலீசில் தட்டச்சடித்த இரண்டு தாள்.

டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். என் குரோமோசோம் 46, எக்ஸ்-வை. ஆண்களுக்கு உள்ளது. கருவில் விதைகள் உருவாகி வயிற்றுக்குள்ளோ கவட்டுக்குள்ளோ தங்கிவிடும். அவை சுரக்கும் ஆண்ட்ரோஜனை உடம்பின் கலங்கள் உணராது. உணராத உடம்பு வெளிப்பார்வைக்குப் பெண் உடம்பாகவே வளரும். அந்தச் சுரப்பில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பும் வரும். கருப்பை இராது, ஆகவே மாதவிடாயும் இராது. ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்று பெயர். பெண்பிள்ளைக்கு ஹேர்ணியா என்று பார்க்கப்போய்க் கண்டுபிடிப்பதும், பெரியபிள்ளை ஆகவில்லையே என்று பார்க்கப்போய்க் கண்டுபிடிப்பதும் உலகம் முழுக்க நடக்கிறதாம். இப்படியும் வேறு பல விதமாகவும் ஆண், பெண் என்ற இரண்டு அச்சுக்குள்ளும் முழுதாக அடங்காமல் பிறக்கும் எல்லாரையும் சேர்த்து இடைப்பாலினர் என்கிறார்கள்.

ஹேர்ணியா என்று சொல்லி வெட்டி எடுத்தது அந்த விதைகளை. புற்றுநோய் வரக்கூடும் என்ற பயத்தில் முன்பு சின்ன வயதிலேயே எடுத்துவிடுவார்கள். பருவ வயதுக்கு முன் அந்த ஆபத்துக் குறைவு என்று தெரிந்த பிறகு, ஆள் வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவைக்கிறார்கள். எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் குளிசை போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் எலும்பு தேயும்.

குளிசை தந்தவர்கள்தான். இரும்புச்சத்து என்று சொல்லி அம்மா நாளுக்கொன்று தந்தா. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டுப்பட்டு, மருந்துக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலத்தில் அது நின்றுபோனது. பாதை திறந்தபின் அம்மா திரும்ப வாங்கி வந்தபோது நான் வேண்டாம் என்றேன். இரும்புச்சத்துக்கு முருங்கையிலை காணாதா? அம்மா கெஞ்சினா, அழுதா, சந்நிதி முருகன்மேல் சத்தியம் வாங்கப் பார்த்தா. ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, சனி

அம்மாவோடு கதைத்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால் வலிகாமம் எழும்பி நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குப் போய், கொடிகாமத்தில் ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்களோடு இருந்தோம். என் வயதுப் பிள்ளைகள் அநேகமாக ஆகிவிட்டிருந்தார்கள். மாமி காணும் நேரமெல்லாம் அம்மாவைக் கேட்பா: "உவள் இன்னும் ஆகேல்லையோ?" அடுத்த வருடம் அச்சுவேலிக்குத் திரும்பியதும் அம்மா ஊருக்குச் சொன்னா: "அவள் கொடிகாமத்தில சாமத்தியப்பட்டவள். அந்த அந்தரத்துக்கை தண்ணி வாக்கவும் ஏலாமப் போச்சு." ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அந்த வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பந்தலும் இல்லை, ஆலாத்தியும் இல்லை. எங்கள் வீட்டுக்குச் சண்டை செய்த ஒரே உபகாரம் அதுதான். என்ன ஏதென்று அப்போது அம்மாவுக்கும் தெரியாது. வரத்தானே போகிறது என்று முந்திச் சொன்ன பொய்.

வரவில்லை. ஆனால் வீட்டில் அப்பம்மா இருந்தா. துடக்கு விசயத்தில் அவவின் கண்ணுக்குத் தப்ப முடியாது. அம்மா சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரில் எனக்கு நாள் குறிக்கத் தொடங்கினா. மாதத்தில் மூன்று நாள் எனக்குத் தனிப்பாய், தனிக்கோப்பை. சாமியறைப் பக்கம் போகக்கூடாது. அம்மா நல்ல துணியைத் தோய்த்து, அப்பம்மாவின் கண்ணில் படுகிற மாதிரி வேலியோரம் காயப்போடுவா. ஒரு வருடம் கணக்குத் தவறாமல் வந்து சந்நிதித் தேரன்றே விழுந்தது. வீடே வெறிச்சோடிக் கிடக்க நான் மட்டும் பாயில் இருந்தேன். கலண்டரை ஒருநாள் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "தள்ளினா அப்பம்மா கண்டுபிடிச்சிருப்பா" என்கிறா, இன்றைக்கும் அதே பயத்தோடு.

எனக்கு அன்றைக்குச் சொன்ன விளக்கம்: "உனக்கு உள்ளுக்கையே வத்திப்போகுது பிள்ளை. வெளியில தெரியாது. ஆனாத் துடக்குத் துடக்குத்தான்." அதை நம்பினேன். விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சரும் அந்தப் பாடத்தை வீட்டில் வாசியுங்கோ என்று தாண்டிப் போனவ.

1999இல் கொழும்பு டொக்டர் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாராம். "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, மனம் குழம்பிப் போடுவாள் எண்டார். கொப்பருக்கும் நான் சொல்லேல்லை. பின்னை, தங்கச்சி ஒருத்தி இருந்தவள். தரகருக்கு மணந்தால் ஆர் வருவான்?"

இருபது வருடம் தனியே சுமந்திருக்கிறா. அப்பா சாகும்வரை அவருக்கும் தெரியாது. சொல்லாதே என்பதுதான் அந்தக் காலத்து வைத்திய புத்திமதி என்று டொக்டரும் சொன்னார். மேல்நாடுகளிலும் அப்படித்தானாம். அம்மாவில் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தத் தேர் நாளுக்கான கோபம் எலும்புக்கான கோபத்தைவிடக் கூட.

ஏப்ரல் 26, வெள்ளி

உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்ததிலிருந்து இரவில் ஊரடங்கு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் என்று தேவாலயங்களில் செத்தவர்களின் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. முகநூலையும் வைபரையும் முடக்கிவிட்டார்கள். அதனால் இந்தச் செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது, மதுரையில் இருக்கும் பள்ளித்தோழி தொலைபேசியில் சொல்லி.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 22ஆம் திகதி தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அருண்குமார், ஸ்ரீஜா என்ற தம்பதி தூத்துக்குடிக் கோயிலில் கலியாணம் முடித்தவர்கள். ஸ்ரீஜா திருநங்கை என்பதால் பதிய மறுத்திருக்கிறார்கள். மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும், தன்னைப் பெண்ணென்று கருதும் இடைப்பாலினரும் அடங்குவர் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல், இடைப்பால் குழந்தைகளுக்குப் பால் திருத்தும் அறுவை செய்வதைத் தடுக்க ஆணை போடும்படி அரசுக்கும் உத்தரவு. அப்படிப் பிள்ளை பிறப்பது வெட்கக்கேடு இல்லையென்று பெற்றோர் உணரும்படி செய்யவேண்டும் என்றும் தீர்ப்பில் இருக்கிறதாம். மதுரைக்காரரான இடைப்பால் செயற்பாட்டாளர் கோபி சங்கர் வருடக்கணக்காகச் சொல்லி வந்தது இது.

குண்டுச் செய்திக்கு நடுவே சந்தோசப்படக் கூச்சமாக இருந்தது. பட்டேன்.

மே 3, வெள்ளி

தென்னாபிரிக்க ஓட்டக்காரி காஸ்டர் செமென்யாவின் மேன்முறையீட்டை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 1ஆம் திகதி தள்ளிவிட்டது. இனி 800 மீற்றர் ஓடவேண்டுமானால் மருந்தெடுத்து உடம்பு தானாகச் சுரக்கும் ரெஸ்ரொஸ்ரெரோனைக் குறைக்கவேணும். இதை வாசித்ததும் சாந்தி சௌந்தரராஜன் ஞாபகம். புதுக்கோட்டைக் கத்தக்குறிச்சிச் செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 டிசம்பரில் டோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீற்றரில் வெள்ளி வாங்கினாள். பால் பரிசோதனையில் தவறினாள் என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் சேதியை நான் இங்கே ரேடியோவில் கேட்டது நினைவிருக்கிறது. ஆம்பிளை பொம்பிளை வேசம் போட்டு ஓடினதாம் என்று கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு இருந்ததாகச் செய்திகள் சொன்னது என்னுடைய இதே நிலை. தன் உடம்பைப் பற்றி ஒரு பெண் நாடு முழுவதோடும் சேர்ந்து செய்தியில் அறிந்துகொள்வதென்றால்! பிறகு அவள் பயிற்சியாளராக எழும்பி வந்தாள்.

யூன் 9, ஞாயிறு

தங்கச்சிக்குக் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்து கையைப் பிசைந்தா. சொல்லத்தான் வேண்டும். இது எக்ஸ் குரோமோசோமில் வருவது, பெரும்பாலும் தாய்வழியாக. அவளும் இதைக் கடத்தும் காவியாக இருக்கக்கூடும், அவளுக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள். எவளுடைய கலியாணத்துக்காக இதை ஒளித்தார்களோ அவளுக்குத்தான் இது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "அக்கா, அப்ப அந்தத் தேரண்டு உனக்கு ஒண்டும் இல்லையோ?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம். அம்மாதான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

ஓகஸ்ட் 24, சனி

13ஆம் திகதி தமிழ்நாடு அரசு ஆணை போட்டுவிட்டது. உயிராபத்து இருந்தாலன்றி இடைப்பால் குழந்தைகளுக்கு அந்த அறுவை கூடாது. மோல்டா 2015இலேயே சட்டம் இயற்றியது. இலங்கையில் அப்படி ஒன்றும் இல்லை. 2016இல் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கை, வளர்ந்தவர்கள் பத்திரங்களில் பாலை மாற்றிக்கொள்ள வழி செய்கிறது. நல்லதுதான். எனக்குத் தேவையில்லை, நான் பெண். அதில் எனக்கு ஒருநாளும் ஐமிச்சம் இருந்ததில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் அது உதவாது.

ஈஸ்ட்ரோஜன் குளிசை தொடங்கியாயிற்று. கல்சியமும் உண்டு. உறையில் உள்ள பெயரை நானே வாசித்து வாங்குகிறேன்.

ஒக்ரோபர் 26, சனி

இன்று இடைப்பாலினர் விழிப்புணர்வு நாள். 1996இல் இதே நாளில் பொஸ்ரனில் குழந்தை வைத்தியர்களின் மாநாட்டு வாசலில் ஒரு சிறு கூட்டம் பதாகையோடு நின்றது. குழந்தையில் வெட்டப்பட்டு, வளர்ந்து, காரணம் கேட்க வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நாங்கள் கொடிகாமத்தால் திரும்பிய வருடம்.

இந்தப் பக்கங்களைப் பெயர் போடாமல் அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஊரின்ர பேரைப் போடாதை" என்றா. ஊரின் பெயரைப் போடுவேன், இப்படி ஒரு பிள்ளை அச்சுவேலியிலும் பிறக்கும் என்று தெரியவேணும் என்றேன். யோசித்துவிட்டு, "பின்னைப் போடு" என்றா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். டொக்டர் தனியே கூப்பிட்டால், பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ என்றால், ஏன் என்று கேளுங்கள். தருகிற துண்டுகளை ஒன்றும் விடாமல் சேர்த்து வையுங்கள். விளங்கும் வயது வந்ததும் அவற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து வாசியுங்கள்.