அம்மாவுக்கும் ஒரு ஃபைல்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்ததுலேர்ந்து அவரும் அம்மாவும் இங்க புனேல எங்களோடதான் இருக்காங்க. பகல்ல நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ். அப்பாவைக் கவனிச்சுக்கறது அம்மாதான். அம்மாவுக்கு இருபது வருஷமா ஷுகர், ரெண்டு வேளை இன்சுலின்.

போன கோடைல தஞ்சாவூர்லேர்ந்து சித்தி வந்து ரெண்டு மாசம் கூட இருந்தாங்க. வயசு 61, ஒரு மாத்திரை கிடையாது. அதே வேலைகள்தான்: ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும் (இல்லேன்னா படுக்கைப்புண்), டயபர் மாத்தணும், புரையேறாம கரண்டி கரண்டியா ஊட்டணும். ஊட்டவே முக்கால் மணி நேரம். சித்தியும் ராத்திரி "இடுப்பு போச்சுடா"னு புலம்புவாங்க. ஆனா தூங்கி எழுந்தா சரியாயிடும். சாப்பாடு மூணு மணிக்குத் தள்ளிப்போனா பசிக்கும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அது வெறும் பசி இல்லீங்க. காலைல இன்சுலின் போட்டாச்சு, மதியம் "அவருக்கு முதல்ல குடுத்துடறேன்"னு உட்கார்ந்துடுவாங்க. ஒரு நாள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, மெஷின்ல பார்த்தா 58! 70-க்குக் கீழ போனாலே லோ ஷுகர். அந்த நேரத்துல அப்பாவைத் தூக்கிட்டு இருந்திருந்தா ரெண்டு பேரும் விழுந்திருப்பாங்க.

கவனிச்சுக்கறவங்க சுமையை அளக்க ஜாரிட்னு ஒரு அமெரிக்கரும் அவர் குழுவும் 1980-ல ஒரு கேள்வித்தாள் போட்டாங்க. இப்ப அதிகமா புழங்கறதுல 22 கேள்வி. இவரைப் பார்த்துக்கறதால உங்க உடம்பு கெட்டுதானு ஒண்ணு. அம்மாகிட்ட கேட்டேன். "எனக்கென்ன, உடம்பு சரியில்லாதது அப்பாவுக்குத்தானே"ன்னாங்க. டாக்டர்லேர்ந்து ஊர்லேர்ந்து போன் பண்றவங்க வரைக்கும் எல்லாரும் "அப்பா எப்படி இருக்கார்?"னுதானே கேக்கறாங்க...

இப்ப பகல்ல ஒரு மவுஷி வர்றாங்க (இங்க வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கற அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க). அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரே மராத்தி வார்த்தை 'நக்கோ', வேண்டாம்! மவுஷி கரண்டியை எடுத்தாலே நக்கோ. அதனால நான் மவுஷிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், பன்னிரண்டரைக்கு அம்மா தட்டு காலியான பிறகுதான் அப்பா கிண்ணம் கிச்சனை விட்டு வெளிய வரணும்னு. அம்மாவுக்குக் கோபம்தான், பரவாயில்லை.

ஷுகருக்கு வருஷா வருஷம் பண்ண வேண்டிய கண் டெஸ்ட் அம்மாவுக்குத் தள்ளிக்கிட்டே போகுது. கண்ணுல சொட்டு விட்டா சில மணி நேரம் மங்கலாத்தான் தெரியும், அதுவரைக்கும் அப்பாவை யார் பார்ப்பாங்கன்னு கேக்கறாங்க. வர்ற சனிக்கிழமை நான் அப்பாகூட இருக்கேன், மனைவி அம்மாவைக் கூட்டிட்டுப் போறாங்க. உங்க வீட்ல இப்படி ரெண்டு பேஷண்ட் இருந்தா எப்படி சமாளிக்கறீங்க? எழுதுங்களேன்.