விவரம் சொல்ல முடியாத நாய்

'நாய் ஒண்ணு வாங்கியிருக்கேன்' என்று யாராவது சொன்னால் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? 'என்ன ஜாதி?' மனுஷனிடம் அப்படிக் கேட்கக் கூச்சப்பட்டு, 'சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம்?' என்று சுற்றி வளைக்கிறவர்கள்கூட நாய் விஷயத்தில் பட்டென்று கேட்டுவிடுவார்கள். சர்ட்டிஃபிகேட் இருந்தால் ஜாதி நாய். இல்லாவிட்டால் தெரு நாய். பத்து வருஷம் ஒரே வாசலில் சோறு தின்று காவல் காத்திருந்தாலும் தெரு நாய்தான்.

இந்த இரண்டிலும் சேராத ஒரு நாயைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். ஊர் கம்மாபுரம். விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் பக்கம். என் நண்பரின் மாமனார் அங்கே விவசாயி. எழுபதைத் தாண்டியவர். நெல், கரும்பு, கொஞ்சம் மல்லாட்டை. (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பேர்.) நாயின் பெயர் மணி. தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதானே பெயர்!

மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். இனம் என்ற இடத்தில் 'என்.டி.' என்று இரண்டு ஆங்கில எழுத்து. பெரியவர் அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இது என்னா தம்பி, நாய்க்குப் பட்டமா?"

'நான் டிஸ்கிரிப்ட்' என்பதன் சுருக்கம் அது. மாடோ ஆடோ நாயோ, குறிப்பிட்ட இனத்தில் சேராவிட்டால் கால்நடைத் துறையில் அப்படித்தான் எழுதுவார்கள். "இன்னதுன்னு விவரம் சொல்ல முடியாததுன்னு அர்த்தம் ஐயா" என்றேன்.

"சொல்ல முடியாதா? உக்காருங்க, நான் சொல்றேன்" என்றார். அரைமணி நேரம் சொன்னார்.

அவருடைய அப்பா காலத்தில், அறுபதுகளில், மிளகாய் லோடு ஏற்றப் போன உறவினர் ஒருவர் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பெட்டை கன்னி நாயைக் கொண்டுவந்திருக்கிறார். கன்னி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்துக் கருப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளக் கால், ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு. ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு.

"ஆனா பாருங்க, அது கண்ணால வேட்டையாடுற நாய். கண்ணுல பட்டா பறக்கும். புதருக்குள்ள பூந்து மறைஞ்சிட்டா அப்படியே நின்னு திருதிருன்னு முழிக்கும். மோப்பம் புடிச்சுத் தேடாது. கூப்பிட்டா அதுக்குத் தோணுனா வரும். தோல் வேற நைசு. கருவ முள்ளு கிழிச்சா தையல்தான். புடிச்சதையாவது கொண்டாருமா? அங்கயே போட்டுட்டு நிக்கும். நாமதான் ஓடணும்."

ஊர் நாய் நேர் எதிர். அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் மூக்கு உண்டு, மூளை உண்டு, எதைப் போட்டாலும் செரிக்கிற வயிறு உண்டு, எஜமான் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்கிற சாமர்த்தியம் உண்டு. கன்னிக்கும் ஊர் நாய்க்கும் பிறந்த குட்டிகளில் கால் அம்மாவுடையது, தலை அப்பாவுடையது. மணி அந்த வழியில் வந்தது. எத்தனையாவது தலைமுறை என்று பெரியவருக்கே கணக்கில்லை. வேகம் குறைகிறது என்று தோன்றியபோது நடுவில் ஒருமுறை தெற்கேயிருந்து ஒரு ஆண் கன்னியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

உங்களுக்கு ஒரு ஆச்சரியம். இதே சமாசாரத்துக்கு இங்கிலாந்தில் ஒரு தனிப் பெயரே உண்டு: லர்ச்சர். கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற ஓட்டக்கார நாயை, ஆடு மேய்க்கும் கோலியோடோ முரட்டு டெரியரோடோ சேர்த்துப் பிறந்த நாய். பிரபுக்கள் சுத்தமான கிரேஹவுண்டைக் கௌரவமாக வளர்த்தார்கள். குடியானவர்களும் நாடோடிகளும் பண்ணையார் நிலத்தில் ராத்திரி திருட்டு வேட்டைக்குப் போகிறவர்களும் லர்ச்சரை வளர்த்தார்கள். முயலைத் துரத்த ஒரு நாய், மோப்பம் பிடிக்க ஒரு நாய், கவ்விக் கொண்டுவர ஒரு நாய் என்று மூன்றுக்குச் சோறு போட வசதியில்லாதவன், ஒரே நாயில் மூன்றையும் எதிர்பார்த்தான். காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே புரிந்துவிடும். ஒரு சம்பளம், மூன்று உத்தியோகம். லர்ச்சர்காரர்கள் கலப்பை மறைப்பதில்லை. எதுவும் எதுவும் சேர்ந்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பெருமையாகவே சொல்வார்கள்.

நம்மிடம் நாய் இருக்கிறது. பெயர்தான் இல்லை.

'வேட்டை நாயா? போலீஸ் பிடிக்காதா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு முயல், உடும்பு, கீரி எதைத் தொட்டாலும் குற்றம். பெரியவர் சின்ன வயதில் அப்பாவோடு முயலுக்குப் போனதோடு சரி. இங்கிலாந்திலும் 2004-ல் சட்டம் போட்டு, 2005 பிப்ரவரியிலிருந்து நாயை விட்டு முயல் துரத்துவதைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் எலிக்கு விலக்கு உண்டு. லர்ச்சருக்கு அங்கே எலி வேலை மிச்சம். கம்மாபுரத்திலும் அதே கதைதான்.

சம்பா அறுப்பு முடிந்த வயலைப் பார்த்திருக்கிறீர்களா? வரப்பு முழுக்க வளை. ஒவ்வொரு வளைக்குள்ளும் எலி சேர்த்துவைத்த நெற்கதிர். இருளர் குடும்பங்கள் மண்வெட்டியோடு வருவார்கள். ஒரு வாயில் புகை போட்டு மற்றதையெல்லாம் அடைத்து வெட்டுவார்கள். எலி எப்போதும் ஒரு திருட்டு வாசல் வைத்திருக்கும், மேலே மெல்லிசாக மண் மூடியபடி. மனுஷக் கண்ணுக்குத் தெரியாது. மணி மூக்கை வைத்து அந்த இடத்தில் நின்றுவிடும். குரைக்காது. எலி வெளியே பாய்ந்தால் நாலு தாவலில் கவ்வி, ஒரு உதறு, கொண்டுவந்து காலடியில் போடும். பாதியில் தின்னாது. இதில் மூக்கு ஊர் நாய், தாவல் கன்னி. காலடியில் கொண்டுவந்து போடுவது மட்டும் பெரியவருடைய உழைப்பு.

எப்படிப் பழக்கினார்? நாய் வளர்க்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். குட்டிக்கு மூன்று மாதத்தில் பழைய துண்டை உருட்டித் தூக்கிப் போடுவார், நீளக் கயிறு கட்டி. எடுத்தவுடன் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பின்னாலேயே நடப்பார். குட்டி தொடர்ந்து வரும். வாயிலிருந்து பிடுங்கமாட்டார். இழுத்து விளையாடினால் நாய் கடித்து இறுக்கக் கற்றுக்கொள்ளுமாம். ஒரு துண்டு கருவாட்டைக் காட்டினால் அதுவாகவே விட்டுவிடும். அப்புறம் துண்டுக்குள் முட்டை. முக்கியமான ஒன்று: குட்டி எதைக் கொண்டுவந்தாலும், புதுச் செருப்பாகவே இருந்தாலும், திட்டக்கூடாது. "ஒருக்கா அடிச்சீங்கன்னா அப்புறம் எதையும் நம்மகிட்ட கொண்டாராது தம்பி. ஒளிச்சு வச்சுக்கும்." பிள்ளை வளர்க்கிறவர்களும் குறித்துக்கொள்ளலாம்.

அதன் பலனை நானே பார்த்தேன். கோரைக்குள் ஒதுங்கிவிட்ட வாத்து ஒன்றை மணி நீந்திப் போய்க் கவ்வி வந்தது. கரையில் விட்டதும் வாத்து இறகை உதறிக்கொண்டு, 'க்வாக்' என்று ஒரு திட்டு திட்டிவிட்டுப் போய்விட்டது. ஒரு கீறல் இல்லை. அதே நாய் ராத்திரி கரும்புக்குள் காட்டுப்பன்றி வந்தால், எட்ட நின்றே சத்தம் கொடுத்து விரட்டும். நெருங்கினால் வயிறு கிழியும் என்று அதற்குத் தெரியும். கன்னிக்கு அது தெரியாது என்கிறார்.

நம் நாட்டு இனங்களுக்கு இப்போது நல்ல காலம்தான். 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பேர் சொல்லிப் பேசினார். எனக்கும் சந்தோஷமே. ஆனால் பேர் கிடைத்ததும் அடுத்து நாம் ஆரம்பிப்பது சுத்தம். தூய வெள்ளை, ரோஸ் மூக்கு என்று பார்த்துப் பார்த்து இனம் சேர்த்ததில், காது கேட்காத ராஜபாளையம் குட்டிகள் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலையைப் பார்த்துக் குட்டி எடுக்கிறவருக்கு அந்த வம்பு கிடையாது. காது கேட்காத நாய் அவருக்கு எதற்கு?

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. கால்நடையைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்தது. பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். என்ன இனம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த வீரனைச் சேர்ந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

மணிக்கு இப்போது ஒன்பது வயது. பெரியவரின் கவலை வேறு. தெரு நாய்களுக்குக் கருத்தடை என்பதுதான் இன்றைய வழி, 2023-ம் வருஷ விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. நான் அதற்கு எதிரி இல்லை. நாய்க்கடிக்கு ஊசி போட வரிசையில் நிற்கிறவரிடம் போய் மரபு, வம்சம் என்று பேசினால் உதைப்பார். ஆனால் பதிவு பெற்ற இனத்தைக் காப்பாற்றக் கென்னல் கிளப் உண்டு, அரசாங்கம் உண்டு. என்.டி.க்கு யார்? வயலும் அப்படித்தான். 2023 ஜூலையில் அந்தப் பக்கத்து வளையமாதேவியில், நெற்பயிர் நிற்கும்போதே சுரங்கக் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். வரப்பு போனால் எலி போகும், எலி போனால் மணிக்கு என்ன வேலை?

பெரியவரின் பிள்ளை நெய்வேலியில் இருக்கிறார். அவருக்கு லேப்ரடார் வேண்டுமாம்.

இருளர் குடியிருப்பில் ஒரு பெட்டைக்கு மணியின் குட்டிகள் நாலு பிறந்தன. கண் திறந்து ஓடியாடும் வரை காத்திருந்து பெரியவர் போயிருக்கிறார், கையில் உருட்டிய துண்டோடு. ஒன்று திரும்பியே பார்க்கவில்லை. மூன்று ஓடின. அதில் ஒன்று துண்டோடு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்தது, ஒன்று அங்கேயே கடித்துக் குதற ஆரம்பித்தது. ஒன்று மட்டும் தடுக்கி விழுந்து, இழுத்துக்கொண்டு, கொண்டுவந்து சேர்த்தது. அது பெட்டை. அதை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். மற்ற மூன்றும் அங்கேயே வளர்கின்றன, வருகிற தை அறுப்புக்கு ஓடத் தயாராகிவிடும். தடுப்பூசிக்கு எடுத்துப் போனபோது, ஆபரேஷன் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.