சரக்கைக் கட்டுகிறவன் பார்வையில்

தீபாவளி நெருங்கும்போது சிவகாசியில் பட்டாசுப் பெட்டி ஏற்றும் லோடுமேன்கள் லாரியில் நான்கு விரல் இடைவெளிகூட விடமாட்டார்கள். வட இந்தியா வரை வண்டி குலுங்கும். இடம் இருந்தால் பெட்டி நகரும், நகர்ந்தால் உரசும். சரக்குக் கப்பலில் டெக் அதிகாரியாக நான் செய்ததும் இதே வேலைதான்.

அதனால் எஸ்.எல்.-7 கப்பல்கள் என்றால் எல்லோரும் வேகத்தைப் பேச, என் கண் அவற்றின் தளங்களுக்குப் போகும். சீ-லேண்ட் நிறுவனம் 1972, 73-இல் கடலில் இறக்கிய எட்டு கன்டெய்னர் கப்பல்கள் அவை. 288 மீட்டர் நீளம், 1,20,000 குதிரைத்திறன் நீராவி டர்பைன், 33 நாட் வேகம். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் அந்த வேகம் கட்டுப்படியாகவில்லை. 1981, 82-இல் எட்டையும், ராணுவ டாங்கிகளையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்ல, அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது.

கன்டெய்னரைக் கிடங்குக்குள் இறக்கினால் செங்குத்துச் சட்டங்களே பிடித்துக்கொள்ளும். டாங்கிக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆகவே வண்டிகள் தாமே ஓடி ஏறும் தளங்களையும் சரிவுப்பாதைகளையும் நடுப்பகுதியில் அமைத்தார்கள். போர்க்காலத்தில் துறைமுகக் கிரேனை நம்பியிருக்க முடியாதல்லவா, கப்பலிலேயே கிரேன்களை நட்டார்கள்.

தளம் போட்டால் போதாது, கட்ட வேண்டும். சங்கிலியை நேர் கீழாக இழுத்துக் கட்டினால் பக்கவாட்டு ஆட்டத்துக்கு நிற்காது. நான்கு மூலையிலும் எதிரெதிராகச் சாய்த்து, தளத்து வளையத்தில் மாட்டி, நெம்பி இறுக்க வேண்டும். கம்பியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். முதல் நாள் கடலிலேயே டயர் அமுங்கும், சங்கிலி தொளதொளக்கும். டார்ச்சோடு சுற்றிவந்து மறுபடி இறுக்குவோம். கனமெல்லாம் கீழ்த்தளத்தில் சேர்ந்தால் கப்பல் சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். நிதானமாகச் சாய்ந்தெழும் கப்பலைவிட இப்படி வெட்டி ஆடும் கப்பல்தான் சங்கிலியை அறுக்கும். சரக்கைக் கீழே வைத்தால் பத்திரம் என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பது பாதி உண்மைதான்.

1990 ஆகஸ்டில், வளைகுடாப் போரை ஒட்டி, அமெரிக்க ராணுவத்தின் 24-ஆவது காலாட்படை டிவிஷனின் தளவாடங்களை இந்தக் கப்பல்கள் சவன்னா துறைமுகத்திலிருந்து சவூதிக்கு எடுத்துப்போயின. அவற்றில் அன்டாரஸ், கொதிகலன் பழுதாகி அட்லாண்டிக்கிலேயே நின்றுவிட்டது. ஸ்பெயினின் ரோட்டாவுக்கு இழுத்துச் சென்று, சவூதியில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஆல்டெயர் என்ற இன்னொரு எஸ்.எல்.-7 கப்பலுக்கு அதன் சரக்கை மாற்றினார்கள். இதைப் பற்றிப் படித்தவர்கள் கொதிகலனைக் குறை சொன்னார்கள். எனக்கோ, ஒரு கப்பலில் அத்தனை சங்கிலியையும் அவிழ்த்து, அடுத்ததில் ஒவ்வொன்றாக இறுக்கிய கைகள்மேல்தான் மரியாதை. அவர்கள் பெயரை எந்தப் போர் வரலாற்றிலும் நான் படித்ததில்லை.